டீலர் பட்டியலைச் சரிபார்க்க க்யூஜிஐஎஸ் எப்படி?

பம்ப் கம்பெனியில் டீலர் அறிக்கை போடுவது என் வேலை. அறிக்கை மென்பொருளில் ஊர்ப் பெயரைக் கொடுத்தால் வரைபடத்தில் அதுவே புள்ளி வைத்துவிடும். எந்த ஊரில் வைக்கும் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத் தலைநகருக்கும் சேலம் என்றுதான் பெயர். திருப்பத்தூர் தமிழ்நாட்டிலேயே இரண்டு உண்டு. ஒன்று 2019-இல் தனி மாவட்டம் ஆனது, இன்னொன்று சிவகங்கை மாவட்டத்தில். சரி, பின்கோடு கொடுக்கலாம் என்றால், ரஷ்யாவின் விளாதிமிர் நகரத்துக்கும் நம் சென்னையைப் போல 600 என்று தொடங்கும் ஆறு இலக்க எண்தான். மாநிலம், நாடு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலான புள்ளிகள் ஊர் திரும்பிவிடும். மிச்சத்துக்கு நான் நம்புவது க்யூஜிஐஎஸ்.

2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கிய திறமூல வரைபட மென்பொருள் இது. காசு கிடையாது. இதில் எனக்குப் பிடித்த குணம், இது தானாக எதையும் ஊகிக்காது. சிஎஸ்வி கோப்பில் (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமித்த கோப்பு) என்ன லாட்டிட்யூட் (அட்சரேகை), லாங்கிட்யூட் (தீர்க்கரேகை) இருக்கிறதோ அங்கேயே புள்ளி வைக்கும். அதனால் தப்பு எந்த வகை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். கோவைக் கடை ஆர்க்டிக் பக்கம் ஸ்வால்பார்டுக்கு மேற்கே கடலில் மிதந்தால், இரண்டு எண்ணும் இடம் மாறியிருக்கின்றன. அதைத் திருப்பிப் போட 'ஸ்வாப் எக்ஸ் அண்ட் ஒய்' என்று ஒரு கருவியே இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கினி வளைகுடாவில் கூட்டமாக நின்றால், யாரோ காலிக் கட்டங்களில் பூஜ்யம் நிரப்பியிருக்கிறார்கள் (இரண்டு எண்ணும் பூஜ்யமாகும் இடம் அதுதான்).

இதெல்லாம் சுலபம், கண்ணில் படும். படாத தப்புதான் ஆபத்து. சேலத்தின் 11 பாகை 39 நிமிடத்தை யாராவது 11.39 என்று அடித்தால் (சரியான எண் 11.65) புள்ளி ஏறக்குறைய 29 கிலோமீட்டர் தெற்கே போய் நாமக்கல் மாவட்டத்தில் உட்காரும். தூரத்திலிருந்து பார்க்கிற மேனேஜருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். இங்கேதான் 'ஜாயின் ஆட்ரிபியூட்ஸ் பை லொகேஷன்' கைகொடுக்கிறது. மாவட்ட எல்லைக் கோப்போடு இணைத்தால், ஒவ்வொரு புள்ளியும் நிஜமாக விழும் மாவட்டம் அட்டவணையில் ஒரு புது நெடுவரிசையில் வரும். டீலர் தந்த மாவட்டத்தோடு ஒத்துப்போகாத வரிகளை வடிகட்டிப் பார்த்தால் போதும். தூத்துக்குடியும் டூட்டிகோரினும் வேறு வேறு என்று அது சொல்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எல்லைக் கோப்பு பழசாக இருந்தால் திருப்பத்தூர் வேலூரிலும் தென்காசி திருநெல்வேலியிலும் விழும். 38 மாவட்டமும் இருக்கிறதா என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. மெனு கடல்போல விரியும். கோ-ஆர்டினேட் சிஸ்டம் எது என்று கேட்டால் புதியவர் மிரண்டுபோவார் (எண்கள் எந்த அளவு முறையில் உள்ளன என்றுதான் அது கேட்கிறது; செல்போனில் எடுத்த எண்ணுக்கு இபிஎஸ்ஜி 4326 என்ற குறியீட்டைக் கொடுங்கள், அவ்வளவுதான்). எக்ஸ் என்றால் லாங்கிட்யூட், ஒய் என்றால் லாட்டிட்யூட் என்பதும் பழக வேண்டும். சிஎஸ்வி-யாகத் திறந்த புள்ளியை நேரடியாக நகர்த்த முடியாது. ஜியோபேக்கேஜாக (திருத்தக்கூடிய வரைபடக் கோப்பு வகை) சேமித்த பிறகுதான் முடியும். அப்புறம், கையால் நகர்த்திய புள்ளியின் பழைய எண் அட்டவணையில் அப்படியே கிடக்கும். திரும்ப சிஎஸ்வி எடுக்கும்போது ஜியாமெட்ரி என்ற இடத்தில் 'ஏஎஸ் எக்ஸ்ஒய்' தேர்ந்தெடுத்தால்தான் புது எண் வெளியே வரும். இதைச் சொல்லித்தர பக்கத்தில் ஆள் இல்லை என்றால் ஒரு சாயங்காலம் வீணாகும்.

தினமும் தானாகப் புதுப்பிக்கும் டாஷ்போர்டு வேண்டும் என்பவர் இதைத் தொட வேண்டாம், இது அதற்கான பொருள் இல்லை. மாதம் ஒருமுறை முகவரிப் பட்டியலைச் சுத்தம் செய்து அறிக்கைக்கு அனுப்புகிறவர் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம். இறக்கும்போது புத்தம் புதுப் பதிப்பை விட்டுவிட்டு 'லாங் டெர்ம் ரிலீஸ்' (நீண்ட நாள் பராமரிக்கப்படும் பதிப்பு) என்று போட்டிருப்பதை எடுங்கள்.