ஃபிட்பிட் பதக்கங்கள்: ஒரு பரிசுத் திட்டத்தின் மதிப்பீடு

கையில் கட்டிக்கொள்ளும் காலடி எண்ணும் கருவியை வாங்கப் போகிறவர்கள் சார்ஜ் எத்தனை நாள் நிற்கும், இதயத் துடிப்பைச் சரியாகக் காட்டுமா, மழையில் நனைந்தால் கெடுமா என்று விசாரிக்கிறார்கள். அதனுடன் வரும் செயலி நம்மை எந்தப் பெயர்களைச் சொல்லிப் பாராட்டுகிறது என்று கேட்பவர் அரிது. 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்டு, 2021 ஜனவரியில் கூகுளின் கைக்குப் போன ஃபிட்பிட், பல ஆண்டுகளாகப் பயனர்களுக்கு வழங்கிவந்த பேட்ஜ்கள், அதாவது திரையில் தோன்றி மின்னஞ்சலிலும் வந்துசேர்ந்த வண்ணப் பதக்கங்கள், இந்தக் கேள்வியை எழுப்பிப் பார்க்கத் தகுந்தவை. கருவியின் துல்லியத்தைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. பரிசுகளை மட்டுமே மதிப்பிடுகிறேன்.

பதக்கங்களில் முதன்மையானவை, கருவியைக் கட்டிய நாளிலிருந்து நடந்த மொத்தத் தொலைவுக்குக் கிடைப்பவை. 70 மைலுக்குப் பென்குயின் அணிவகுப்பு, 250 மைலுக்கு லண்டன் சுரங்க ரயில், 500க்குச் செரங்கெட்டி, 736க்கு இத்தாலி, 990க்கு நியூசிலாந்து, 1,869க்கு ஜப்பான், 1,997க்கு இந்தியா, 2,983க்குச் சகாரா, 4,132க்கு நைல், 5,000க்கு ஆப்பிரிக்கா, 5,500க்குச் சீனப் பெருஞ்சுவர், 5,772க்கு ரஷ்ய ரயில்பாதை என்று பட்டியல் ஏறிக்கொண்டே போகிறது. 12,430 மைலில் வட துருவத்திலிருந்து தென் துருவத்துக்கே நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வெறும் எண்ணாகக் கிடந்த உழைப்புக்கு ஓர் ஊர்ப் பெயர் கிடைத்தவுடன் நடப்பவருக்கு ஊக்கம் பிறக்கிறது என்பதை மறுக்க முடியாது. இந்த யோசனை வந்தவருக்குப் பாராட்டு உரியதே.

இந்தியப் பதக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1,997 மைலைக் கிலோமீட்டராக மாற்றினால் ஏறக்குறைய 3,214 வருகிறது. இது நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த அதே எண்: இந்தியாவின் வடக்கு-தெற்கு நீளம் 3,214 கிலோமீட்டர். ஆக, வடிவமைத்தவர்கள் எண்ணைச் சரியாகவே எடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த 3,214 என்பது வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து இழுத்த கோட்டின் நீளம். அந்தக் கோட்டின் மீது யாரும் நடந்துபோக முடியாது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை தேசிய நெடுஞ்சாலை 44இல் போனால் 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அதே பட்டியலில் ரஷ்யாவுக்குக் கொடுத்திருக்கும் 5,772 மைல் மாஸ்கோவிலிருந்து விளாடிவாஸ்டாக் வரை தண்டவாளம் உண்மையிலேயே ஓடும் தொலைவு. லண்டனுக்குக் கொடுத்திருப்பது மக்கள் அன்றாடம் ஏறி இறங்கும் சுரங்க ரயில் வலைப்பின்னலின் நீளம். சில இடங்கள் அங்கே வாழ்பவர்கள் கட்டிப் பயன்படுத்தும் பாதைகளாகவும், சில இடங்கள் வெறும் வரைபடக் கோடுகளாகவும் இந்தச் செயலியில் இடம்பெற்றிருக்கின்றன. இத்தாலிக்கும் ஜப்பானுக்கும் நியூசிலாந்துக்கும்கூட வரைபடக் கோடுதான் கிடைத்திருக்கிறது என்பதால், இதை ஏழை நாடுகளை இழிவுபடுத்தும் நோக்கம் என்று சொல்வது நியாயமாகாது.

நியாயத்தை மீறிப் போகும் இடம் ஆப்பிரிக்கா. செரங்கெட்டி, சகாரா, நைல், ஆப்பிரிக்கா என்று அந்தக் கண்டத்துக்கு நான்கு பெயர்கள் கிடைத்திருக்கின்றன. எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நான்கில் விலங்குகளின் வலசை இருக்கிறது, பாலைவனம் இருக்கிறது, ஆறு இருக்கிறது. கடைசியில் 54 நாடுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிய கண்டம் இருக்கிறது. ஒரு நகரமோ, ரயில்பாதையோ, மனிதன் கட்டிய சுவரோ இல்லை. இத்தாலி தனி நாடாக வரும் பட்டியலில் அல்ஜீரியாவோ எத்தியோப்பியாவோ தனியாக வருவதற்கு இடமில்லை. ஒரு பதக்கத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் தவறு எதுவும் தெரியாது. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான், ஆப்பிரிக்கா என்றாலே காடும் மணலும் விலங்கும் என்று ஒரே அச்சில் வார்த்த பழைய பிம்பம் வெளிப்படுகிறது.

செரங்கெட்டியை எடுத்துக்கொள்வோம். அந்த 500 மைல், மழையைத் தேடித் தான்சானியாவுக்கும் கென்யாவுக்கும் இடையே ஆண்டுதோறும் வட்டமிடும் வில்டபீஸ்ட் என்னும் ஆப்பிரிக்கக் காட்டுமாடுகளின் பயணத்தைக் குறிக்கிறது. அந்தச் சமவெளியில் மாடு மேய்த்து வாழ்ந்த மாசாய் மக்கள் 1959இல் பூங்கா எல்லையிலிருந்து வெளியேற்றப்பட்டு ங்கொரோங்கொரோ பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். மனிதர் இல்லாத செரங்கெட்டி என்பது அப்படி உருவாக்கப்பட்ட ஒரு காட்சி. சகாராவும் அவ்வாறே. மாலி நாட்டின் டவுடெனி சுரங்கத்தில் வெட்டிய உப்புப் பாளங்களை ஒட்டகத்தின் இருபுறமும் கட்டிக்கொண்டு டிம்பக்டு வரை நடந்தவர்களின் வழித்தடம் அங்கே நூற்றாண்டுகளாக இருக்கிறது. நடையைப் பாராட்டுவதற்கென்றே வடிவமைத்த ஒரு பதக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான பாதை வேறெங்கே கிடைக்கப்போகிறது? ஆனால் பதக்கம் அளந்தது பாலைவனத்தின் அகலத்தை.

சீனப் பெருஞ்சுவர் பற்றி ஒரு சிறு குறிப்பு. 5,500 மைல் என்பது 2009இல் சீன அரசு அறிவித்த 8,850 கிலோமீட்டர். அது மிங் அரசமரபு கட்டிய பகுதிகளின் அளவு. 2012இல் எல்லா அரசமரபுகளின் சுவர்களையும் சேர்த்து 21,196 கிலோமீட்டர் என்று சீனா அறிவித்துவிட்டது. அதைப் பின்பற்றியிருந்தால் பெருஞ்சுவர்ப் பதக்கம் துருவத்துக்குத் துருவம் போகும் பதக்கத்தையும் தாண்டிப் போயிருக்கும் என்பதால், பழைய எண்ணே இருக்கட்டும் என்று விட்டதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

ஒரே நாளில் நடக்கும் காலடிகளுக்கான பதக்கங்கள் காலணிகளின் பெயரைத் தாங்கி வருகின்றன. 5,000க்குப் படகுக் காலணி, 10,000க்கு ஸ்னீக்கர்ஸ், 15,000க்கு நகர்ப்புற பூட்ஸ், 20,000க்குக் கணுக்கால் மறைக்கும் ஹை டாப்ஸ் என்று படிப்படியாக ஏறி, 1,00,000 காலடியில் ஒலிம்பியச் செருப்பில் முடிகிறது. வாரைக் கட்டும் திறந்த செருப்பு இந்த ஏணியில் கிரேக்கத் தொன்மத்தின் துணையோடு உச்சிப்படியில்தான் அமர்கிறது. சாதாரண நடைக்குரிய காலணியாக அது கருதப்படவே இல்லை. மெரினா சர்வீஸ் சாலையில் விடிகாலையில் போய்ப் பார்த்தால் சேலை கட்டி ரப்பர் செருப்போடு வேகமாக நடக்கும் பெண்களும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு மணலில் நடக்கும் பெரியவர்களும் கண்ணில் படுவார்கள். அவர்களுடைய பத்தாயிரமும் ஸ்னீக்கர்ஸ் என்றே பதிவாகும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்தாயிரமே அமெரிக்கச் சரக்கு இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965இல், ஜப்பானின் யமாசா நிறுவனம் தன் நடைமானியை விற்பதற்காகப் பரப்பிய எண் அது.

நிறுவனத்தின் மிகச் சிறந்த வேலை, மாடிப்படி ஏறுவோருக்கு அளித்த வாழ்நாள் பதக்கங்களில் இருக்கிறது. ஏறத்தாழ 3 மீட்டர் உயரம் ஏறினால் ஒரு மாடி என்று கருவி எண்ணிக்கொள்கிறது. 500 மாடிக்கு ஹெலிகாப்டர், 1,000க்கு வான்குடை வீரர், 2,000க்கு வெப்பக் காற்றுப் பலூன், 4,000க்கு 747 விமானம், 8,000க்கு மேகம் என்று அது மேலே மேலே போகிறது. இவற்றில் எந்த நாட்டையும் யாரும் சின்னமாக்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் பழுதானதால் ஏறுகிறவருக்கும், மலைக்கோயில் படிக்கட்டில் ஏறுகிறவருக்கும் மேகம் ஒரே மேகம்தான். இந்தப் பகுதியை அமைத்தவர்களிடமே தொலைவுப் பதக்கங்களையும் விட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

நண்பர்களோடு போட்டி போடுவதற்கு வைத்திருந்த வசதியில் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு போட்டியும், சனி-ஞாயிறுக்கு ஒரு போட்டியும் இருந்தன. வேலை நாள் ஐந்து, ஓய்வு நாள் இரண்டு என்பதை உலகப் பொது நியதியாக எடுத்துக்கொண்ட ஏற்பாடு அது. குவைத்திலும் கத்தாரிலும் வேலைபார்க்கும் தமிழர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு வேலை நாள். தமிழ்நாட்டில் கடைகளிலும் ஆலைகளிலும் வேலை செய்வோருக்குச் சனிக்கிழமை என்பது இன்னொரு வேலை நாள். கூகுள் 2023 மார்ச்சில் இந்தப் போட்டிகளை அடியோடு நீக்கிவிட்டதால் குறையும் அவற்றோடு போய்விட்டது. திருத்துவதற்கு எளிய வழி இருந்தும் நீக்கியது வருத்தமே.

ஒப்பிடுவதற்கு ஆப்பிள் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டால், அவர்கள் இடங்களுக்குப் பதிலாக நாட்காட்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. நன்றி நவிலும் நாளில் அமெரிக்கர்களுக்கு 5 கிலோமீட்டர் நடை அல்லது ஓட்டம், சந்திரப் புத்தாண்டுக்குச் சீனர்களுக்குச் சவால் என்று நாட்டுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுக்கிறார்கள்; இது ஃபிட்பிட்டை விடப் பக்குவமான அணுகுமுறை. உலகம் முழுவதற்கும் பொதுவாக வரும் சவால்களில் இந்தியாவின் சாயல் உள்ளது ஜூன் 21, யோகா நாள். இந்தியா என்றால் யோகா என்று அமெரிக்க நிறுவனம் முத்திரை குத்திவிட்டது என்று கோபப்படுவதற்கு முன், 2014இல் ஐ.நா. பொதுச்சபையில் அந்த நாளைக் கேட்டுப் பெற்றது இந்திய அரசுதான் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த முத்திரையை நாமே செய்து ஏற்றுமதி செய்திருக்கிறோம். அதன் விளைவு உடற்பயிற்சிப் பட்டியலில் தெரிகிறது. யோகாவுக்கும் தாய் சீக்கும், பனிக்கட்டியில் கல்லைத் தள்ளும் கர்லிங்குக்கும்கூடத் தனிப் பெயர் இருக்கிறது. சிலம்பம் சுற்றுகிறவர் தற்காப்புக் கலை என்னும் பொதுத் தலைப்பின் கீழும், கபடி ஆடுகிறவர் 'பிற' என்பதன் கீழும் பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அன்றன்றைய அசைவு, உடற்பயிற்சி, நிற்றல் இலக்குகளை எட்ட எட்ட நிரம்பி மூடும் ஆப்பிளின் வட்டங்களில் வேறொரு முன்முடிவு ஒளிந்திருந்தது. ஒரு நாள்கூட விடாமல் வட்டத்தை மூடினால்தான் தொடர்ச்சி நிற்கும் என்பது, எல்லா நாளும் ஒரே மாதிரி உண்டு உறங்கும் உடலை மனத்தில் வைத்துச் செய்த விதி. ரமலான் நோன்பில் இருப்பவர், சஷ்டிக்கு விரதம் பிடிப்பவர், வீட்டில் துக்கம் நேர்ந்தவர், காய்ச்சலில் படுத்தவர் எல்லோரும் ஒரே தட்டில் தோற்றவர்கள் ஆனார்கள். 2024இல் வந்த கடிகார மென்பொருளான வாட்ச்ஓஎஸ் 11தான் தொடர்ச்சி அறாமல் வட்டங்களை நிறுத்திவைக்கவும், கிழமைக்குக் கிழமை இலக்கை மாற்றிக்கொள்ளவும் இடம் கொடுத்தது. முதல் கடிகாரம் வந்தது 2015இல் என்பதை வைத்துப் பார்த்தால் ஒன்பது ஆண்டு தாமதம். ஆனாலும் இந்த மாற்றத்தில் எந்தப் பண்டிகையின் படமும் ஒட்டப்படவில்லை, எந்த மதத்தின் பெயரும் சொல்லப்படவில்லை. அதனாலேயே அது எல்லோருக்கும் பயன்படுகிறது.

நம் ஊரில் இப்படி ஒரு செயலி செய்யப் புறப்படுகிறவர்கள் எல்லாப் பதக்கத்திலும் கோபுரத்தையும் ஜல்லிக்கட்டுக் காளையையும் வரைந்துவிட்டால், அச்சு மாறுமே தவிர வார்ப்பு மாறாது. அப்படிப்பட்ட செயலிக்கு நான் இதைவிடக் குறைந்த மதிப்பெண்தான் கொடுப்பேன்.

எண்களைச் சரிபார்த்துச் செய்தவர்கள் என்ற வகையில் ஃபிட்பிட்டின் தொலைவுப் பதக்கங்களுக்கு ஐந்துக்கு இரண்டரையும், மாடிப் பதக்கங்களுக்கு நாலரையும் தருகிறேன். நடந்த தொலைவு ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது என்பதால், பயனரே தன் பாதையைக் குறித்துவைக்கும் ஒரு கட்டத்தைச் சேர்ப்பது கடினமான பொறியியல் வேலையும் அல்ல. அப்போது பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர் அதையே தன் அலகாக வைத்துக்கொள்வார். யாழ்ப்பாணத்தின் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போக ஆசைப்பட்டும் முழங்கால் வலியால் போக முடியாதவர், தன் தெருவிலேயே நடந்து அந்தத் தொலைவைச் சிறிது சிறிதாகக் கடப்பார். டிம்பக்டுக்காரர் உப்பு வழியைக் குறித்துக்கொள்வார். நிறுவனம் செய்ய வேண்டியது எல்லாம் புறப்படும் ஊர், சேரும் ஊர் என்று இரண்டு காலிக் கட்டங்களைத் திரையில் வைப்பதுதான்.