யுடிலிட்டி அலமாரிக்குப் பணம் கொடுக்கும் முன் பலகையின் வெட்டு முனையைப் பாருங்கள்

வீட்டில் வாஷிங் மிஷின் வைக்கிற இடத்துக்கு அலமாரி அடிக்க யாராவது கொட்டேஷன் கொடுத்திருந்தால், முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்குப் போனது 70,200 ரூபாய். பணம் போனதோடு முடிந்திருந்தால் மனதுக்குள் வைத்துக்கொண்டு விட்டிருப்பேன். என் மாமியார் நின்றிருந்த இடத்தில், அவர் நகர்ந்து பத்து நிமிஷம்கூட ஆகாத நேரத்தில், ஒரு கேபினட் சுவரிலிருந்து கழன்று விழுந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஃபிளாட் சென்னை கொட்டிவாக்கத்தில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். சமையலறையை ஒட்டி ஏழடிக்கு நாலடியில் ஒரு யுடிலிட்டி. ஒரு பக்கம் இடுப்பளவு சுவர், அதற்கு மேலே கம்பி கிரில். மழைக்காலத்தில் சாரல் உள்ளே அடிக்கும், மற்ற நாளில் உப்புக் காற்று. மிஷின், சோப்புத் தூள், அழுக்குத் துணிக் கூடை, வாளி, மாப், இஸ்திரிப் பெட்டி எல்லாம் தரையில்தான் கிடந்தன. அத்தைக்கு இரண்டு முட்டியும் தேய்ந்திருக்கிறது. குனிந்து எடுக்க முடியாது. ஆனால் துணி துவைப்பதும் மடிப்பதும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்காத வேலை. குனியாமல் கைக்கு எட்டுகிற மாதிரி அவருக்கு ஒரு இடம் செய்து கொடுக்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தோம்.

ஒரு மாடுலர் கம்பெனி ஷோரூமுக்குப் போனோம். போன் நம்பரும் இடத்தின் அளவும் சொன்ன இரண்டாம் நாளே கம்ப்யூட்டர் படம் வந்தது. இளம்பச்சைக் கதவுகள், மிஷினுக்கு மேலே மர நிறத்தில் மேடை, அதன் மேல் ஒரு செடித்தொட்டி. அழகாகத்தான் இருந்தது. அந்தப் படத்தில் இருந்தது முன்பக்கம் கதவு திறக்கிற மிஷின். எங்களுடையது மேலே மூடி திறப்பது. வீட்டுக்கு வந்து அளந்தவர் மிஷினின் அகலத்தையும் உயரத்தையும் குறித்துக்கொண்டாரே தவிர, மூடியைத் திறந்து பார்க்கவே இல்லை. நாங்களும் சொல்லவில்லை. மேடையை மட்டும் "உங்க மிஷினுக்கு வராது" என்று கடைசி நேரத்தில் எடுத்துவிட்டு, மேல் கேபினட்டைப் படத்தில் இருந்த உயரத்திலேயே விட்டுவிட்டார்கள்.

கொட்டேஷனில் இருந்தது இதுதான்: 18 எம்எம் 710 கிரேடு மரைன் பிளை, 1 எம்எம் மைக்கா, சதுரடி 1,500 ரூபாய், 52 சதுரடிக்கு 78,000. பாதி முன்பணம், சாமான் வந்து இறங்கியதும் 40 சதவீதம், வேலை முடிந்ததும் மீதி பத்து. அதாவது ஒரு ஸ்க்ரூ முடுக்குவதற்கு முன்பே நூற்றுக்குத் தொண்ணூறு ரூபாய் அவர்கள் கைக்குப் போய்விடும். இந்தக் கணக்கை அப்போது நான் யோசிக்கவில்லை. நீங்கள் யோசியுங்கள். கையில் நிற்கும் பத்து சதவீதத்துக்காக யாரும் பலகையைக் கழற்றி மாற்றித் தர மாட்டார்கள்.

ஆகஸ்டில் சாமான் வந்தது. எல்லாப் பலகையும் ஃபேக்டரியிலேயே அறுத்து, இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டி, நாலு விளிம்பிலும் வெட்டு முனையை மூடுகிற எட்ஜ் பேண்ட் பட்டை போட்டு, பிளாஸ்டிக் சுற்றி வந்தது. சுத்தமான வேலை என்று சந்தோஷப்பட்டேன். சூப்பர்வைசர் பையனிடம், "தம்பி, மரைன் பிளைன்னா முத்திரை இருக்குமாமே?" என்று கேட்கத்தான் செய்தேன். "அது முழு ஷீட்ல இருக்கும் மேடம், மைக்கா ஒட்டிட்டா மூடிடும்" என்றான். பாதி உண்மை அது. முத்திரை ஷீட்டின் மேல் முகத்தில்தான் இருக்கும், மைக்கா ஒட்டினால் மறைந்துபோகும். ஆனால் வெட்டு முனையைப் பார்த்தாலே என்ன பலகை என்று தெரிந்துவிடும், அதை அவன் சொல்லவில்லை. அந்தப் பாதி உண்மையில்தான் நாங்கள் ஏமாந்தோம்.

மேல் கேபினட்டை மாட்டிவிட்டு மிஷினை உள்ளே தள்ளினால், மூடி பாதிதான் திறந்தது. எங்கள் மிஷினின் மூடி முழுதாகத் திறக்கத் தரையிலிருந்து நாலரை அடி வேண்டும். கேபினட்டின் அடிப்பாகம் நாலடியிலேயே இருந்தது. "ஏத்திடலாம் மேடம், அரை மணி நேர வேலை" என்று கழற்றி, முக்கால் அடி மேலே புதிதாகத் துளை போட்டு மாட்டினார்கள். பழைய துளைகளில் வெள்ளை சிமெண்டைப் பூசிவிட்டுப் போனார்கள். அந்த அரை மணி நேரம் நான் சமையலறையில் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று பார்த்திருந்தால், எந்த ஸ்க்ரூவை எதற்குள் ஏற்றினார்கள் என்பது தெரிந்திருக்கும்.

நவம்பர் மழை பிடித்தது. இரண்டாவது வாரம் கீழ் அலமாரியின் பக்கப் பலகை, தரையை ஒட்டிய இடத்தில், உப்பிக்கொண்டு வந்தது. எட்ஜ் பேண்ட் வாய் பிளந்தது. கதவின் கீல் பிடித்திருந்த இடம் இளகி, கதவு தொங்கியது. கீலும் துருப்பிடித்திருந்தது. கம்பெனிக்கு போன் போட்டால், "தண்ணி படுற இடத்துல யூஸ் பண்ணியிருக்கீங்க மேடம், அது வாரண்டில வராது" என்றார்கள். யுடிலிட்டிக்கு என்று சொல்லி, யுடிலிட்டியை அளந்து, யுடிலிட்டிக்குப் படம் போட்டுக் கொடுத்தவர்கள் சொன்ன பதில் இது. எனக்குக் கோபத்தில் பேச்சே வரவில்லை.

டிசம்பரில் ஒரு நாள் விடிகாலை ஆறு மணி இருக்கும். அத்தை துணியைப் போட்டு மிஷினை ஓட விட்டுவிட்டு, காபி குடிக்க ஹாலுக்கு வந்து உட்கார்ந்தார். மிஷின் பிழிகிற சுற்றுக்கு வந்து அதிர ஆரம்பித்ததும் உள்ளே பெரிய சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் மேல் கேபினட் மிஷின் மீது சாய்ந்து தரையில் கிடக்கிறது. ஐந்து கிலோ சோப்புத் தூள் பை இரண்டு, கண்டிஷனர் கேன், இஸ்திரிப் பெட்டி எல்லாம் சிதறிக் கிடந்தன. அத்தை எதுவும் சொல்லவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குப் பிறகு வெகு நாள் அந்தப் பக்கம் தனியாகப் போகவே இல்லை.

பக்கத்து அபார்ட்மெண்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வயதான ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் முதலில் பலகையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். எங்கள் யுடிலிட்டிச் சுவர் ஏஏசி பிளாக், எடை குறைந்த கல். அதில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடி கொடுக்காது, அதற்கென்று நீளமான தனி பிளக் இருக்கிறது. இவர்கள் குட்டை ஸ்க்ரூவை, பூச்சைத் தாண்டி விரல்கடை ஆழம்தான் ஏற்றியிருந்தார்கள். அதுவும் கேபினட்டின் மெல்லிய முதுகுப் பலகை வழியாக. முதுகுப் பலகை தூசு மறைக்கத்தான், பாரம் தாங்க அல்ல என்றார். பாரத்தைத் தாங்க, உள்ளே மேல்பக்கம் தடிமனான ஒரு குறுக்குப் பட்டை வைத்து, அதைச் சுவரோடு பிடிக்க வேண்டுமாம். எங்களுடையதில் அப்படி ஒரு பட்டையே இல்லை.

அப்புறம்தான் பலகை. உளியால் எட்ஜ் பேண்டைப் பிய்த்து, "பாருங்கம்மா" என்று காட்டினார். பிளைவுட்டாக இருந்தால் வெட்டு முனையில் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும். இங்கே தெரிந்தது ரவை ரவையாக மரத்தூள். நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. மரத்தூளைப் பசை சேர்த்து அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டு. வெளியே தெரிகிற கதவுகளை அறுத்துப் பார்த்தபோது அவற்றில் மட்டும் அடுக்கு இருந்தது. கதவு பிளைவுட், உள்ளே பெட்டி முழுக்க மரத்தூள். விலை மட்டும் 52 சதுரடிக்கும் மரைன் பிளை விலை.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. 710 என்பது மரைன் பிளைவுட்டுக்கான இந்திய தர எண். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் விடாமல் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். 303 என்பது சாதாரண பிளைவுட்டுக்கானது. அதில் எம்ஆர் ரகம் படுக்கையறை அலமாரிக்குச் சரி, பிடபிள்யூஆர் ரகம் ஈரத்தை ஓரளவு தாங்கும். ஆகவே "ஐஎஸ்ஐ பிளை" என்று யாராவது பொதுவாகச் சொன்னால், எந்த எண், எந்த ரகம் என்று கேட்க வேண்டும். முழு ஷீட்டில் ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை, ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கிற அரசு அமைப்பான பிஐஎஸ்-இன் "பிஐஎஸ் கேர்" ஆப்பில் போட்டால் யாருடைய உரிமம், இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். இன்னொன்று, பச்சை நிறத்தில் ஒரு போர்டைக் காட்டி "இது தண்ணி தாங்கும்" என்பார்கள். பச்சை வெறும் சாயம். போர்டு எந்த வகை என்று அடையாளம் காட்டப் போடுவது. சாயத்துக்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் இல்லை.

இனிமேல் நான் பலகை வேலை கொடுத்தால் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்காமல் பணம் தர மாட்டேன். கதவு, பக்கம், தட்டு, முதுகு ஒவ்வொன்றும் எந்தப் பலகை என்று கொட்டேஷனில் தனித்தனியாக இருக்க வேண்டும். எங்களுடையதில் ஒரே வரிதான் இருந்தது. "அது கதவுக்குப் போட்டது" என்று பின்னால் வாதாட அந்த ஒரு வரி அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. அடுத்து, எட்ஜ் பேண்ட் ஒட்டும் முன் ஃபேக்டரியில் போய்ப் பார்க்க அனுமதி வேண்டும். முடியாது என்றால் ஒவ்வொரு பலகையின் வெட்டு முனையையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். நேர்மையான ஆளுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை.

கம்பெனியோடு அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆர்டரில் 15,000 கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அடுத்த ஆர்டர் யார் கொடுப்பது? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தோம். அவர்கள் கம்பெனிக்கு எழுதினார்கள், ஒழுங்கான பதில் வரவில்லை. அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதனால் இழுத்தடிக்கிற கம்பெனியின் வாட்ஸ்அப் வாக்குறுதிகளை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். அந்த மெசேஜ்களை அழிக்கவும் செய்யாதீர்கள். எங்களுக்குக் கைகொடுப்பவை கொட்டேஷன், பேங்க் மூலம் போன பணத்தின் ரசீது, "வாரண்டில வராது" என்று அவர்களே டைப் செய்த மெசேஜ் ஆகிய மூன்றும்தான். ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். அதற்கு மட்டும் என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. நல்லவேளை.

இப்போது யுடிலிட்டியில் பலகையே இல்லை. அந்த ஆசாரியே சொன்னார், "சாரல் அடிக்கிற இடத்துல எதுக்கும்மா மரம்? கடப்பாக் கல் போடுங்க." எங்கள் ஊரில் அம்மா வீட்டு சமையலறையில் இருப்பது அதுதானே, எனக்கு ஏன் தோன்றவில்லை என்று ஆகிவிட்டது. ஒன்றேகால் அடி அகலத்தில் மூன்று கல், சுவரில் காடி வெட்டிச் சொருகி, அடியில் துருப்பிடிக்காத ஸ்டீல் ஆங்கிள். கீழ்த்தட்டு அத்தையின் இடுப்பு உயரத்தில், துணி மடிக்க. நடுத்தட்டு அவர் தோள் உயரத்தில், சோப்புத் தூளுக்கு. மேல்தட்டில் எடை இல்லாதவை மட்டும். மிஷினுக்கு நேர் மேலே எதுவுமே இல்லை. மூடி தாராளமாகத் திறக்கிறது, குழாயை மூடக் கையும் போகிறது. கதவு போடவில்லை. திறந்த தட்டில் காற்று போகிறது, ஈரவாடை இல்லை. பார்வைக்கும் குறைவில்லை. வெள்ளைச் சுவரில் பாலிஷ் போட்ட கறுப்புக் கல், அதன்மேல் ஒரே அளவில் வெள்ளை பிளாஸ்டிக் கூடைகள். பிரம்புக் கூடை வைக்க ஆசைப்பட்டேன், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும் என்று அத்தை தடுத்துவிட்டார். கூரையில் கப்பி வைத்து இறக்கி ஏற்றுகிற கொடி மாட்டினோம். சுவருக்கும் மிஷினுக்கும் நடுவே இருந்த அரையடி இடுக்கில் சக்கரம் வைத்த ஒல்லியான தட்டு ஒன்று நிற்கிறது. எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய் ஆனது. கடப்பாக் கல்லில் மட்டும் பாத்ரூம் ஆசிட் பட விடாதீர்கள். அது சுண்ணாம்புக் கல் வகை, ஆசிட் பட்ட இடம் வெளுத்துப் போகும், திரும்பக் கறுக்காது.

போன வாரம் அத்தை மறுபடி தனியாக உள்ளே போய், துணியை எடுத்துக் கல்லின் மேல் போட்டு மடித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன்.

பழைய பலகைகளை எடைக்குப் போட மனம் வரவில்லை என்பதல்ல, போடக் கூடாது. தேவைப்பட்டால் ஆணையமே மாதிரியை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். உப்பிப்போன பக்கப் பலகையும், அறுத்துப் பார்த்த கதவும், கழன்று வந்த நாலு குட்டை ஸ்க்ரூவும் ஒரு மூட்டையாகக் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. அடுத்த மாதம் விசாரணை.