மொழிக்கென்றே ஒரு பிராசஸரா, ரிஸ்க்-ஃபைவா?

தண்டையார்பேட்டையில் மாலை வேளைகளில் பாலிடெக்னிக் மாணவர்களோடு சேர்ந்து எஃப்பிஜிஏ போர்டில் (உள்ளிருக்கும் சர்க்யூட்டை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப் உள்ள பலகை) சிறிய பிராசஸர் செய்து பழகுகிறோம். அதில் லிஸ்ப் என்ற நிரல்மொழி ஓட வேண்டும் என்று முடிவானதும் இரண்டு வழிகள் தெரிந்தன. லிஸ்புக்கென்றே ஒரு பிராசஸர் வடிவமைக்கலாம். அல்லது ரிஸ்க்-ஃபைவ் என்ற, யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த கட்டளைத் தொகுப்பில் அமைந்த கோர் ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றதை நிரலை பிராசஸர் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரிடம் விட்டுவிடலாம். ரிஸ்க்-ஃபைவைத்தான் எடுத்தோம்.

முதல் வழியும் லேசுப்பட்டதல்ல. 1961-இல் அறிவிக்கப்பட்ட பரோஸ் பி5000 கணினி அல்கால் என்ற நிரல்மொழியை மனதில் வைத்தே கட்டப்பட்டது. அர்ரே எனும் தரவு வரிசையின் எல்லையைத் தாண்டினால் ஹார்டுவேரே பிடித்துவிடும். எண்பதுகளின் சிம்பாலிக்ஸ் 3600 என்ற லிஸ்ப் கணினியில் தரவு எந்த வகை என்று சொல்லும் டேக், 36 பிட் நினைவகச் சொல்லுக்குள்ளேயே இருந்தது. கூட்டல் நடக்கும்போதே டேக் சோதனையும் பக்கத்திலேயே முடிந்துவிடும். அருமையான வடிவமைப்பு! ரிஸ்க்-ஃபைவில் அதே சோதனைக்குத் தனியாகச் சில கட்டளைகள் போட வேண்டும். எங்கள் சின்ன நிரல்களில் அது உறுத்தவில்லை. வேண்டாத நினைவகத்தை மீட்டெடுக்கும் கார்பேஜ் கலெக்‌ஷன் ஓயாமல் ஓடும் பெரிய நிரல்களை நாங்கள் ஓட்டியதில்லை, அங்கே நிலைமை மாறலாம்.

எங்களுக்கு முடிவைத் தந்தது பராமரிப்புதான். சொந்தக் கட்டளைத் தொகுப்பு என்றால் அசெம்ப்ளர், கம்பைலர், டீபக்கர், சிமுலேட்டர் எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும். எழுதினால் போதாது, வருடக்கணக்கில் காப்பாற்றவும் வேண்டும். எங்களிடம் வரும் பிள்ளைகள் வேலை கிடைத்ததும் அம்பத்தூருக்கோ ஓஎம்ஆருக்கோ போய்விடுவார்கள். போகத்தான் வேண்டும், அதற்குத்தானே படிக்கிறார்கள். ஆனால் கம்பைலர் எழுதிய பெண் போன பிறகு அதில் ஒரு பிழை வந்தால், அடுத்து வருகிறவர் எந்தப் புத்தகத்தைப் புரட்டுவார்? ரிஸ்க்-ஃபைவில் அந்தக் கவலை இல்லை. கம்பைலருக்கு ஜிசிசி, எல்எல்விஎம், டீபக்கருக்கு ஜிடிபி, சிமுலேட்டருக்கு கியூஇஎம்யூ என எல்லாமே தயாராக இருக்கின்றன. அவற்றைத் திருத்திக்கொண்டே இருக்க உலகம் முழுக்க ஆட்கள் உண்டு. ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசஸர்களும் இதே தொகுப்புதான், அவற்றின் மூலநிரலும் திறந்தே கிடைக்கிறது. இங்கே கற்றது வேலைக்குப் போகும் இடத்திலும் கைகொடுக்கும்.

டேக்கை அடியோடு கைவிட வேண்டியதும் இல்லை. ரிஸ்க்-ஃபைவில் சொந்தக் கட்டளைகளுக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். டேக் பார்த்துக் கூட்டும் கட்டளை ஒன்றை மட்டும் அங்கே சேர்த்தோம். ஸ்பார்க் பிராசஸரிலும் இப்படி ஒன்று உண்டு. புதுக் கட்டளையை அதன் எண்களைக் கொண்டே எழுத அசெம்ப்ளரில் வழி இருப்பதால் கம்பைலரைத் தொடவே இல்லை.

ஆள் மாறாத குழு, கம்பைலர் எழுதுவதே ஆசை என்றால் முதல் வழியில் தாராளமாக இறங்கலாம். ஆண்டுதோறும் புது முகங்கள் வரும் இடத்துக்கு ரிஸ்க்-ஃபைவைத்தான் சொல்வேன்.