கார் ட்வீட்டரை (கீச்சு சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கர்) எரிச்சுட்டு பழியை என் மேலயே போடுறாங்க, கார்ல ஆம்ப் (ஸ்பீக்கருக்கு பவர் குடுக்கிற ஆம்ப்ளிஃபையர்) மாட்டப் போறவங்க உஷார்!

கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப் பிழை இருந்தா கண்டுக்காதீங்க. சிங்கப்பூர்ல 680 வெள்ளி போச்சு. கடை பேரைப் போடல, ஆன்லைன்ல "ஆஃபர் ஆஃபர்"னு விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கிற கார் ஆடியோ கடை.

முன் கதவுக்கு கம்பொனன்ட் செட் (ட்வீட்டர் தனியா இருக்கும்), பின்னாடி கோஆக்சியல் (எல்லாம் ஒரே ஸ்பீக்கர்ல), நாலு சேனல் ஆம்ப், வயரிங், கூலி எல்லாம் சேர்த்து 680. ஸ்பீக்கர் ஒவ்வொண்ணும் 80 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்குற பவர்), 4 ஓம். ஆம்ப் பெட்டில இம்மாம் பெரிசா 2000 வாட்ஸ்னு அச்சடிச்சிருக்கு. அண்ணே, ஸ்பீக்கர் இதைத் தாங்குமான்னு கேட்டேன். கடைக்காரர் நம்மாளு தான், தமிழ்ல பேசி, கோப்பி வாங்கிக் குடுத்து, தோள்ல கை போட்டு "தம்பி, பவர் மிச்சம் இருந்தா தான் ஸ்பீக்கருக்கு நல்லது, நான் பாத்து செட் பண்ணித் தரேன் லா, உனக்குப் போய் கெடுதல் செய்வேனா"ன்னாரு. அங்கயே நின்னு போன்லயே பேநவ்ல காசு தட்டி விட்டேன். ரசீதுல ஆம்ப் மாடல் கூட கிடையாது, "சவுண்ட் செட் 1"னு ஒரு வரி.

கொஞ்ச நாள்தான். பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல போய்க்கிட்டிருக்கேன், வலது ட்வீட்டர் கரகரன்னுச்சு, அப்புறம் மூச்சே இல்ல. மறுநாள் இடதும் போச்சு, கதவுகிட்ட மூக்கை வச்சா வார்னிஷ் கருகுன வாடை. போன் பண்ணா "நீ சத்தமா வச்சிருப்ப", அடுத்து "எரிஞ்சதுக்கு வாரண்டி கிடையாது", அதுக்கப்புறம் "பாஸ் ஜேபி (ஜொகூர் பாரு) போயிருக்காரு", இப்ப நீல டிக் விழுது, பதில் இல்ல.

காக்கி புக்கிட்ல வேற ஒருத்தர்கிட்ட காட்டுனேன். சீட்டுக்கு அடியிலேர்ந்து ஆம்பைக் கழட்டுனாரு, கெயின் திருகு (உள்ள வர்ற சிக்னலுக்கு ஏத்த மாதிரி ஆம்பைச் சரி பண்றது) கடைசி வரைக்கும் திருகிக் கிடக்கு, ஃபியூஸ் ஒண்ணே ஒண்ணு, 30 ஆம்பியர். 30ஐ கார் ஓடுறப்ப இருக்கிற 13.8 வோல்ட்டால பெருக்குனா 414 வாட்ஸ், உள்ள போறதே அவ்வளவுதான், அது கிளாஸ் ஏபிங்கிற வகை ஆம்ப், அதுலயும் கிட்டத்தட்ட பாதி சூடாவே போயிடுமாம். நாலு ஸ்பீக்கருக்குப் பிரிச்சா ஆளுக்கு 60 கூட தேறாது, இதுல எங்கடா 2000? பவர் பத்தாம கெயினை முறுக்கி வச்சதுல சிக்னல் தலை வெட்டுப்பட்டு கிளிப் ஆகுது, அந்தக் குப்பையெல்லாம் ட்வீட்டருக்குப் போய் காயிலைப் பொசுக்கிடுச்சு. நான் சத்தமா வச்சேனாம்!

டிப்ஸ் விளக்கமா எழுதலாம்னு தான் ஆரம்பிச்சேன், இப்ப பொறுமை இல்ல. மேக்ஸ், பீக் (ஒரு நொடி மட்டும் வர்ற உச்சம்) நம்பரைப் பாக்காதீங்க, 4 ஓம்ல ஆர்எம்எஸ் எவ்வளவுன்னு கேளுங்க, ஸ்பீக்கர் ஆர்எம்எஸ்ஸுக்குக் கிட்ட இருக்கணும். ஃபியூஸைப் பாருங்க. கெயின் வால்யூம் பட்டன் இல்ல, மீட்டர் வச்சு செட் பண்ணச் சொல்லுங்க. ரசீதுல மாடல் எழுதாம காசு குடுக்காதீங்க.

6 மாசத்துக்குள்ள கெட்டா பொருள்ல ஆரம்பத்துலயே கோளாறுன்னு தான் சிங்கப்பூர் லெமன் சட்டம் (கோளாறான பொருளை வாங்குனவங்களுக்கான சட்டம்) எடுத்துக்கும், அப்படி இல்லன்னு கடைக்காரன் தான் நிரூபிக்கணும். சாட் எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சு, ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரிப்யூனல்ல (சின்னத் தொகை வழக்கு மன்றம்) கேஸ் போடப் போறேன். 680 வெள்ளி, ஒரு காசு விட மாட்டேன்.