புடாபெஸ்ட் போகிறவர்களுக்கு: விலைப்பட்டியல் வராத மேசையில் உட்காராதீர்கள்

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டின் வாட்சி தெருவில் மாலை வேளையில் தனியாக நடக்கப் போகும் ஆண்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சென்ற மாதம் அந்தத் தெருவை ஒட்டிய ஒரு மதுக்கூடத்தில் என்னிடமிருந்து 1,70,200 ஃபோரின்ட் (ஹங்கேரியின் நாணயம்) பறித்தார்கள். ஏறத்தாழ 425 யூரோ. பறித்தார்கள் என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். கையில் ஒரு பில்லைக் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக அது வியாபாரம் ஆகிவிடாது.

நான் மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து புடாபெஸ்டுக்கு நேரடி ரயில் இருக்கிறது, சுமார் ஏழு மணி நேரப் பயணம். மூன்று நாள் விடுமுறையில், அந்த ஊரின் பழைய காபிக் கடைகளையும் பாழடைந்த கட்டடங்களுக்குள் நடக்கும் மதுக்கூடங்களையும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு போனேன். முதல் நாள் மாலை வொரோஷ்மார்ட்டி சதுக்கத்தில் காபி குடித்தேன். அங்கிருந்துதான் வாட்சி தெரு தொடங்குகிறது. பெரிய சந்தைக் கட்டடம் வரை போகிற நடைபாதைத் தெரு அது. எட்டு மணி இருக்கும். இரண்டு பெண்கள் வழி கேட்டு நிறுத்தினார்கள். எனக்குத் தெரியாது, நானும் வெளியூர்தான் என்றேன். தாங்கள் செகெட் நகரத்திலிருந்து வந்திருப்பதாகவும், தங்களுக்கும் ஊர் புதிது என்றும் சொன்னார்கள். ஐந்து நிமிடம் பேசினோம். பக்கத்தில் நல்ல இடம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டோம், வருகிறீர்களா என்றார்கள்.

வழி தெரியாது என்று சொன்னவர்களுக்கு அந்த இடம் மட்டும் எப்படித் தெரிந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்ற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு சந்துக்குள் திரும்பி, படியிறங்கி நிலவறைக்குள் போனோம். வெளியே விலைப்பலகை எதுவும் இல்லை. உள்ளே எங்களைத் தவிர வாடிக்கையாளர்கள் யாரும் இல்லை. மேசைக்கு மெனு வரவில்லை. பணியாளர் நேராக வந்து கேட்டார், அந்தப் பெண்கள் ஹங்கேரிய மொழியில் ஏதோ சொன்னார்கள், நான் பியர் கேட்டேன். இரண்டாவது சுற்றும் அப்படியே வந்தது. முக்கால் மணி நேரம் இருந்திருப்போம். பில் வந்தபோது என் இரண்டு பியருக்கு 12,000. அவர்கள் குடித்த நான்கு கண்ணாடிக் குவளைக்கு, ஒவ்வொன்றுக்கும் 34,000. மேலே 15 சதவீதம் சேவைக் கட்டணம்.

நான் குடித்ததற்கு மட்டும் பணம் தருகிறேன் என்றேன். பணியாளர் கல்லாவுக்குப் பின்னால் இருந்து ஓர் அட்டையை எடுத்துவந்து காட்டினார். அதில் அந்த விலை அச்சிட்டிருந்தது. அதற்குள் வாசலில் இருவர் வந்து நின்றுவிட்டார்கள். யாரும் என்னைத் தொடவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. கதவை மறைத்து நின்றார்கள், அவ்வளவுதான். அந்தப் பெண்கள் மேசையைப் பார்த்தபடி இருந்தார்கள். அவர்களுக்கு அது அன்றாட வேலை என்பது எனக்கு அந்த நொடியில்தான் புரிந்தது.

கார்டில் ஒரு லட்சம் ஃபோரின்ட் போனது. அதற்கு மேல் என் அன்றாட வரம்பு விடவில்லை. மீதிக்கு, வாசலில் நின்ற இருவரில் ஒருவர் என்னோடு தெருமுனை ஏடிஎம் வரை நடந்துவந்தார். அது வங்கியின் ஏடிஎம் அல்ல, சுற்றுலாப் பயணிகளை நம்பித் தெருவில் வைத்திருக்கும் தனியார் இயந்திரம். 70,200 எடுக்க முடியாது, 75,000 எடுத்தேன். யூரோவாக மாற்றிக் கணக்கில் எழுதட்டுமா என்று திரை கேட்டது. பதற்றத்தில் சரி என்று அழுத்தினேன். என் வங்கியின் மாற்று விலையில் சுமார் 188 யூரோ ஆகியிருக்க வேண்டியது, 212 ஆனது. இது தனி ஏமாற்று. மதுக்கூடத்தில் சிக்காதவர்களும் இதில் சிக்குகிறார்கள். ஹங்கேரியில் எந்த இயந்திரம் கேட்டாலும், அது கடையின் கார்டு இயந்திரமாக இருந்தாலும், ஃபோரின்டிலேயே கணக்கிடச் சொல்லுங்கள். மாற்ற வேண்டாம் என்ற பொத்தான் சில இயந்திரங்களில் ஏதோ பணம் எடுப்பதையே ரத்து செய்வது போல எழுதப்பட்டிருக்கும். பயப்படாமல் அதை அழுத்துங்கள், பணம் வரும்.

மறுநாள் காலை காவல் நிலையம் போனேன். மரியாதையாகவே கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஆனால் விலை அச்சிட்ட அட்டை இருக்கிறது, அடித்ததாகவோ மிரட்டியதாகவோ சாட்சி இல்லை. வங்கியும் கைவிரித்துவிட்டது. ரகசிய எண்ணை நானே அழுத்திக் கொடுத்த பணத்தை எந்த அடிப்படையில் திரும்பக் கேட்பது என்கிறார்கள். இந்த ஏற்பாடு முழுவதும் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. மனிதரைக் கட்டிப்போட்டுவிட்டு, காகிதத்தில் எல்லாவற்றையும் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். இது புதிதும் அல்ல. புடாபெஸ்டில் உள்ள அமெரிக்கத் தூதரகம் தன் குடிமக்கள் தவிர்க்க வேண்டிய மதுக்கூடங்களுக்குப் பட்டியலே வெளியிட்டிருந்தது. அதை நான் திரும்பி வந்த பிறகுதான் படித்தேன்.

அந்த ஊரையே வெறுத்துவிடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் மாலை, மனசே இல்லாமல்தான், யூதக் குடியிருப்பில் காஸின்ட்ஸி தெருவில் இருக்கும் ஸிம்ப்லா கெர்ட்டுக்குப் போனேன். இடிய இருந்த கட்டடத்துக்குள் நடக்கும் மதுக்கூடங்களுக்கு முன்னோடி அது. வெட்டிய குளியல் தொட்டியை இருக்கையாக்கியிருக்கிறார்கள், முற்றத்தில் கிழக்கு ஜெர்மனிக் காலத்து டிராபண்ட் கார் நிற்கிறது. அங்கே விலை எல்லார் கண்ணிலும் படும்படி எழுதியிருந்தது. ஃப்ரொச் வாங்கினேன். வைனில் சோடா கலந்த பானம், அளவுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: இரண்டு பங்கு வைன், ஒரு பங்கு சோடா என்றால் நாட்ஃப்ரொச், அதுவே தலைகீழானால் ஹோஸுலேபேஷ். நேர்மையான கடையில் அளவும் விலையும் குடிப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகின்றன.

அதனால் உட்கார்ந்ததும் "இட்டல்லாப்" என்று கேளுங்கள். பானங்களின் விலைப்பட்டியலுக்கு அங்கே அதுதான் பெயர். கொண்டுவரத் தயங்கினால், ஒன்றும் குடிக்காமல் எழுந்துவிடலாம். தெருவில் அறிமுகமானவர்கள் யாராக இருந்தாலும் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள். நீங்கள் சொல்லும் இடத்துக்கு வர மறுத்தால் அங்கேயே விடைபெறுங்கள். மாட்டிக்கொண்ட பிறகு வழி மறித்தால், 112 என்ற அவசர எண்ணை அவர்கள் எதிரிலேயே அழையுங்கள். நான் செய்யாமல் விட்டது அதைத்தான். கைவைத்துவிடுவார்கள் என்று தோன்றினால் பணத்தைக் கொடுத்துவிட்டு, பில்லைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வெளியேறுங்கள்.

நல்ல காபிக் கடைகளிலும் ஒன்றைக் கவனியுங்கள்: பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் தனியாக டிப்ஸ் வைக்கத் தேவையில்லை. நோட்டை நீட்டும்போதே நன்றி சொன்னால், மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதாக அங்கே எடுத்துக்கொள்வார்கள். அது ஏமாற்று அல்ல, அந்த ஊர் வழக்கம்.

திரும்பி வந்து இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் பெண்களோடு போனாய் என்று முதலில் என்னைத்தான் கேட்பார்கள் என்ற கூச்சம். கடைசியில் அலுவலகத்தில் மதுரைக்காரர் ஒருவரிடம் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கும் அதே தெருவில்தான் தம்பி. நாலு வருஷம் ஆகிறது. வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை" என்றார்.

அவர் அன்றே யாரிடமாவது சொல்லியிருந்தால் நான் அந்தப் படியில் இறங்கியிருக்க மாட்டேன். அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. அடுத்த மாதம் எங்கள் அலுவலகத்திலிருந்து மூன்று இளைஞர்கள் புடாபெஸ்ட் போகிறார்கள். இந்தப் பதிவை முதலில் அவர்களுக்குத்தான் அனுப்புகிறேன். அண்ணாவும் தன் கதையைத் தானே சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.