ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன டொக்டர்

கொழும்பு வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் நின்றபோதுதான் அவரின் முழங்காலைப் பார்த்தேன். நல்லாய் வீங்கியிருந்தது. கனநாளாகச் சித்தாலேப பூசி, பனடோல் போட்டுச் சமாளித்திருக்கிறார். ஏன் காட்டவில்லை என்று கேட்டால், "ஆர் பிள்ளை அங்க போய்க் காவல் இருக்கிறது?" என்றார். காசு பிரச்சினை இல்லை, மகன் அனுப்புகிறான். எனக்குக் கோபம்தான் வந்தது. அன்றைக்கே சனல் பண்ணினேன், அதாவது தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கக் காசு கட்டி நம்பர் எடுத்தேன்.

ஆறு மணி, நம்பர் 27. பகலில் அரச ஆஸ்பத்திரி, பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரி என்று ஓடுகிற டொக்டர். காலி வீதி நெரிசலும் சேர்ந்தால் ஆறு எப்படி ஆறாக இருக்கும்? ஏழரைக்குக் கேட்டோம், "வருவார்" என்றார்கள். எட்டு மணிக்கும் அதே பதில். ஏசி குளிரில் சித்தி சேலைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு இருந்தார். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்கிறார். பாத்ரூம் போகிற நேரம் நம்பரைக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஒன்பதுக்குக் கிட்ட டொக்டர் வந்தார். அதற்குப் பிறகும் ரிப்போர்ட் காட்டுகிறவர்கள் இடையில் இடையில் உள்ளே போனார்கள். எழுபது தாண்டிய மனுசியை இப்படி இருத்தி வைப்பது அநியாயம்.

டொக்டர் நல்லவர், காலை அமத்திப் பார்த்து எக்ஸ்ரே எழுதினார். ஐந்து நிமிடம்கூட இல்லை. நான் இருக்கிற லண்டனில் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க ஜீபியின், அதாவது குடும்ப டொக்டரின், கடிதம் வேண்டும், பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே நினைத்த அன்றைக்கே பார்க்கலாம், அது பெரிய விஷயம்தான். ஆனால் அங்கே என் பழைய வருத்தங்களின் விபரமெல்லாம் ஜீபியின் கம்ப்யூட்டரில் இருக்கும். சித்தியின் வருத்த விபரமோ அவர் தூக்கித் திரிகிற சொப்பின் பைக்குள் இருக்கிறது. டொக்டர் எழுதிய துண்டு ஒன்று தவறினால் புது டொக்டருக்கு ஒன்றும் தெரியாது. அரச ஆஸ்பத்திரி இலவசம், ஆனால் விடியப்புறமே போய் வரிசையில் நிற்க இந்தக் காலால் முடியுமா?

போனிலேயே காசு கட்டி நம்பர் எடுக்க முடிகிறது. டொக்டர் பிந்துவார் என்று அதே போனுக்கு ஒரு செய்தி அனுப்ப ஏன் முடியாது?

எக்ஸ்ரேயைக் காட்ட வேண்டும் என்றதும் சித்தி "பார்ப்பம்" என்றார். மச்சானிடம் சொல்லி வைத்திருக்கிறேன். டொக்டர் வந்து நம்பர் இருபது தாண்டியது என்று கேட்டறிந்த பிறகுதான் சித்தியை ஓட்டோவில் ஏற்ற வேண்டும்.