முள் விழுந்ததும் இன்ஜினைப் பிரித்தேன்: ஆயில் பிரஷர் கேஜுடன் நான்கு வருடம்

ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) வீட்டிலேயே மாற்றி முடித்த தெம்பில் சாவியைத் திருகினேன். இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஆனால் டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் அடிக்கோட்டுக்குச் சற்று மேலே வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். வழக்கமாகப் பாதிக்கு மேல் நிற்கும் முள் அது. வயிற்றைப் பிசைந்தது. உடனே அணைத்துவிட்டேன்.

அப்போது என்னிடம் தனி கேஜ் கிடையாது. முள் சொன்னதை அப்படியே நம்பி, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சேம்பரைக் கழற்றினேன். கன்ராடு பேரிங் (பிஸ்டனின் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இருப்பது) போயிருக்கும் என்பது என் கணக்கு. பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து அளந்தால் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இடைவெளி 0.045 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஜர்னலுக்கு (பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் பகுதி) அது சரியான அளவுதான். பம்ப்பின் பல்சக்கரங்களிலும் குறை இல்லை. சரி என்று சிலிகான் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவி சேம்பரை மூடினேன். இந்தத் தாராளம் பின்னால் வந்து கதவைத் தட்டியது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். முள் அதே இடத்தில்.

அதற்கப்புறம்தான் இந்த கேஜை வாங்கினேன். மின்சார இணைப்பு எதுவும் இல்லாத, ஆயிலை நேராக டயலுக்குக் கொண்டுவரும் மெக்கானிக்கல் வகை. 0 முதல் 140 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) வரை காட்டும் டயல், ஒரு ஹோஸ், நாலைந்து அடாப்டர்கள். டேஷ்போர்டு சென்சாரைக் கழற்றி, அதே துளையில் ஹோஸைப் பூட்ட வேண்டும். பூட்டி ஓட்டினால் ஆயில் குளிர்ந்திருக்கும்போது 55 பிஎஸ்ஐ. நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) 16, 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2000 சுற்று) 36. இன்ஜினுக்கு ஒரு கேடும் இல்லை. ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்று பழைய மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கின்படி பார்த்தாலும் தாராளம். (உங்கள் இன்ஜினின் மேனுவலில் உள்ள அளவுதான் கடைசி வார்த்தை. புதிய இன்ஜின்கள் பலவற்றில் அது இதைவிடக் குறைவாக இருக்கும்.)

குற்றவாளி நான்தான். ஹெட் வேலையோடு சென்சாரையும் புதிதாக மாற்றி, ஆயில் கசியக் கூடாதென்று மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றியிருந்தேன். ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாக இன்ஜின் பிளாக்கிலிருந்துதான். மின்சாரம் கடத்தாத டேப் அதைக் கெடுத்துவிட்டது. என் வண்டியின் சென்சாரில் பிரஷர் ஏற ஏற மின்தடை குறையும். எர்த் சரியில்லாமல் தடை கூடியதும் முள் அதைக் குறைந்த பிரஷராகக் காட்டிவிட்டது. இதற்கு நேர்மாறாக வேலை செய்யும் சென்சார்களும் உண்டு. அவற்றில் இதே தப்பு பிரஷரைக் கூட்டிக் காட்டும். முள் இல்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் உள்ள வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். பிரஷர் விழும்போது சுவிட்ச் எர்த்தைத் தொட்டால்தான் விளக்கு எரியும். எர்த் இல்லையென்றால் பிரஷர் பூஜ்யமானாலும் எரியாது. சாவியை ஆன் செய்ததும், இன்ஜின் ஓடும் முன்பு, அந்த விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது எனக்கு அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது.

டேப்பை எடுத்ததும் முள் பழைய இடத்துக்கு வந்தது. இரண்டு வாரம் நிம்மதி. அப்புறம் ஒரு நீண்ட ஓட்டத்தில், வேகம் கூடும்போது முள் ஆடியபடி இறங்க ஆரம்பித்தது. மறுபடியும் சென்சார் வேலைதான் என்று அலட்சியமாக மேலும் இரண்டு நாள் ஓட்டினேன். ஒரு தடவை ஏமாந்தவன் அடுத்த தடவை உண்மையையும் நம்புவதில்லை போலும். கேஜை மாட்டிப் பார்த்தபோது முகம் வெளிறிவிட்டது. ஐட்லிங்கில் 15, அதில் குறையில்லை. 2000 ஆர்பிஎம்மில் 30, ஆனால் முள் நடுங்கியது. 3000க்கு ஏற்றினால் 18க்குச் சரிந்தது. அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து ஓட்டினால் கொஞ்ச நேரம் எல்லாம் சரியாக இருந்தது.

பேரிங் தேய்ந்த இன்ஜின் இப்படி நடந்துகொள்ளாது. தேய்ந்த பேரிங்கில் சூடான ஐட்லிங்கில்தான் பிரஷர் படுக்கும், ஆர்பிஎம் ஏற ஏற பிரஷரும் ஏறும். இங்கே ஆர்பிஎம் ஏற ஏற விழுகிறது என்றால், பம்ப் கேட்கும் அளவுக்கு ஆயில் உள்ளே வரவில்லை. சேம்பரை மறுபடி இறக்கினேன். பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையில் புழு புழுவாக சிலிகான். நான் அப்பியது உள்பக்கமும் பிதுங்கி, காய்ந்து, உடைந்து ஆயிலில் மிதந்திருக்கிறது. பம்ப் வேகமாக உறிஞ்சும்போது வலையில் போய் ஒட்டும், நிறுத்தினால் உதிரும். தேவையே இல்லாமல் திறந்த சேம்பர் அது. முதல் நாளே கேஜ் கையில் இருந்திருந்தால் இந்தச் சிலிகான் உள்ளே போயிருக்காது.

பிறகு இந்த கேஜ் நண்பர்களின் வண்டிகளுக்கும் போய்வந்தது. ஒருவர் கன்ராடு பேரிங்குகளை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டு, கிராங்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்குகளைத் தொடாமல் விட்டிருந்தார். சூடான ஐட்லிங்கில் 5, 2000 ஆர்பிஎம்மில் 17. மெயினில் அளந்தால் 0.09 மில்லிமீட்டர், அதாவது இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. இரண்டு மடங்குதானே என்று அவருக்கு நினைப்பு. இடைவெளி வழியாகக் கசியும் ஆயில் அந்த இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இரண்டு மடங்கு இடைவெளி என்றால் எட்டு மடங்கு கசிவு. இடையில் அவர் 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ஆயிலை ஊற்றிப் பார்த்தார். முள் ஏறத்தான் செய்தது, தேய்மானம் அங்கேயே இருந்தது. என்னைக் கேட்டால் அது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாற்றுவது மாதிரி.

இன்னொரு வண்டியில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போதே 20ஐத் தாண்டவில்லை. அதில் பம்ப்பின் ரிலீஃப் வால்வில் (பிரஷர் அளவுக்கு மீறினால் திறந்து குறைக்கும் வால்வு) உலோகத்துகள் சிக்கி, வால்வு திறந்தபடியே நின்றிருந்தது. கழுவிப் பூட்டியதோடு சரி. ஆயிலில் பெட்ரோல் கலந்து பிரஷர் இறங்கிய கேஸும் ஒன்று வந்தது. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்ததிலேயே தெரிந்துவிட்டதால் கேஜுக்கு வேலை இல்லை. சேம்பரிலிருந்து பம்ப்புக்கு ஆயிலைக் கொண்டுபோகும் பிக்கப் பைப்பின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காற்றை இழுக்கிறது என்று சந்தேகம் வந்தால், அந்த ரிங் ஆயில் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும் இன்ஜின்களில் ஒரு லிட்டர் ஆயிலைக் கூடுதலாக ஊற்றி ஐட்லிங்கில் சில நிமிடம் பார்க்கலாம். பிரஷர் ஏறினால் சந்தேகம் சரிதான். பார்த்ததும் அந்த ஒரு லிட்டரை வடித்துவிட வேண்டும்.

இனி கேஜின் குறைகள். டயலில் 2.5 என்று துல்லிய வகுப்பு அச்சிட்டிருக்கிறது. முழு அளவில் 2.5 சதவீதம், அதாவது எந்த இடத்திலும் 3.5 பிஎஸ்ஐ வரை முன்பின் இருக்கலாம். 60 காட்டும்போது அது ஒரு பொருட்டில்லை. 5 காட்டும்போது அது 1.5ஆகவும் இருக்கலாம், 8.5ஆகவும் இருக்கலாம். நாம் பதறுவது 20க்குக் கீழேதான், 140 பிஎஸ்ஐ டயலில் அந்தப் பகுதி விரல் நுனி அளவு. மறுபடி வாங்கினால் 100 வரை காட்டுவதைத்தான் வாங்குவேன். கிளிசரின் நிரப்பிய டயல் வாங்கச் சிலர் சொன்னார்கள். முள் ஆடாமல் நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் ஸ்ட்ரெய்னர் அடைப்பை எனக்குக் காட்டிக்கொடுத்ததே அந்த நடுக்கம்தான்.

உடன் வந்த ஹோஸ் நைலான். முதல் வருடமே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சாய்ந்து உருகியது. சூடான மேனிஃபோல்டில் பிரஷரோடு ஆயில் பீய்ச்சினால் தீப்பிடிக்கும். எனக்குப் புகையோடு போயிற்று. இப்போது இருப்பது உலோகப் பின்னல் போட்ட ஹோஸ், அதையும் கம்பி கொண்டு மேனிஃபோல்டை விட்டுத் தள்ளிக் கட்டுகிறேன். அடாப்டர்களிலும் கவனம் வேண்டும். 1/8 என்பிடி (அமெரிக்க அளவு) மரை அங்குலத்துக்கு 27, 1/8 பிஎஸ்பி (பிரிட்டிஷ் அளவு) மரை 28. ஒன்று மற்றதில் இரண்டு மூன்று சுற்று கையாலேயே இறங்கும், பிறகு இறுகும். அங்கே ஸ்பேனரைப் போட்டால் பிளாக்கின் மரை போச்சு.

நான்கு வருடத்தில் கண்ணாடி கீறிவிட்டது. பிரஷர் இல்லாதபோதும் முள் 2இல் நிற்கிறது, கழித்துக்கொள்கிறேன். போன மாதம் கிராங்க் வேலை முடிந்த ஒரு இன்ஜினில், ஓட்டும் முன்பே பிரஷர் வருகிறதா என்று பார்க்க, ஃபில்டரை ஆயிலால் நிரப்பி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றினோம். மூன்றாவது தடவை சுற்றியபோது முள் 2ஐ விட்டு எழும்பி 30க்குப் போனது. அதற்குப் பிறகுதான் பிளக்குகளைப் பூட்டினோம்.